கையடக்க அகலப்பட்டை ஸ்கேனர்

கையடக்க அகலப்பட்டை ஸ்கேனர் என்பது மத்திய அலையிலிருந்து ஆயிரம் மெகாஹேர்ட்ஸுக்கும் மேலே வரை கேட்கக்கூடிய, சட்டைப் பையில் அடங்கும் வானொலி வாங்கி. இதனால் ஒலிபரப்ப முடியாது. கேட்க மட்டுமே முடியும். வீட்டு ரேடியோ திருப்பிவைத்த நிலையத்திலேயே நிற்கும். ஸ்கேனரோ தன்னுள் பதிந்துள்ள மீடிறன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அலை இருக்கும் இடத்தில் நின்று, அது ஓய்ந்ததும் அடுத்ததற்கு நகரும். எந்த மீடிறன்களைப் பார்ப்பது, எந்த முறையில் கேட்பது, எங்கே நிற்பது, எதைத் தாண்டுவது என்று கருவிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதே நிரலிடல் எனப்படும். ஸ்கேனர் எவ்வளவு பயன்படும் என்பது அதன் பட்டை அகலத்தைவிட நிரலிடலின் ஒழுங்கையே பொறுத்தது.

இக்கட்டுரை சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்திலுள்ள கஹவத்தையை முன்வைத்து எழுதப்பட்டது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் ஏ18 நெடுஞ்சாலையில் அமைந்த இந்த ஊரைச் சுற்றித் தேயிலையும் இறப்பரும் விளையும் தாழ்நிலத் தோட்டங்கள் உள்ளன. மலைமுகடுகள் சூழ்ந்த இத்தகைய நிலத்தில் அலை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால்தான் கருவியைச் சரிவரப் பயன்படுத்த முடியும்.

வரலாறு

இலங்கையில் வானொலி கேட்கும் பழக்கம் எட்வர்ட் ஹார்ப்பரிடமிருந்து தொடங்குகிறது. 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த இவர், வானொலி ஆர்வலர்களைத் திரட்டி இலங்கை வயர்லெஸ் கழகத்தை அமைத்தார். முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிக் கருவிகளிலிருந்து ஒலிபரப்பி ஒன்றைக் கட்டி, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து 1923இல் கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக அனுப்பினார். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி ஆளுநர் ஹியூ கிளிபர்ட் காலத்தில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. தெற்காசியாவில் இன்றுவரை தொடரும் ஒலிபரப்பு நிறுவனங்களுள் மூத்தது இதன் வழிவந்ததே.

இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்துக்காகச் சீக் வானொலி கொழும்பில் நிறுவப்பட்டது. ஏக்கலையில் அமைந்த அதன் ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல், கொழும்பு வானொலியின் வழிவந்த ரேடியோ சிலோன் தனித் திணைக்களமானது. 1967இல் அது கூட்டுத்தாபனமாகி, 1972இல் நாடு குடியரசானதோடு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது.

எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் சுமந்த தமிழ் வர்த்தக சேவை, தோட்டத்து லயங்களிலும் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டது. மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்ததும், மின்சாரம் எட்டாத லயக் காம்பறாவிலும் உலகச் செய்தி ஒலித்தது. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையும் இவ்வழியில் வந்து, 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு வானொலியில் நின்றது. நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்பி, இரைச்சலுக்குள் குரலைப் பிரித்தெடுத்த அந்தத் தலைமுறையின் காதுப் பயிற்சியே ஸ்கேனர் பயனாளருக்கும் வேண்டிய முதல் தகுதி.

ஸ்கேனர் அமெரிக்காவில் பிறந்தது. தொடக்ககாலக் கருவிகளில் ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒரு படிகத்தைச் செருக வேண்டியிருந்தது. எலெக்ட்ரா நிறுவனத்தின் பெயர்கேட் வரிசை 1970களில் படிகத்தை விட்டு மின்னணு நிரலிடலுக்கு மாறியது. பின்னர் அந்தப் பெயர் யூனிடனிடம் போனது. 1990ஐ ஒட்டி ஐகொம் ஆர்1, ஏஓஆர் ஏஆர்1000 ஆகிய ஜப்பானியக் கருவிகள் வந்தன. பட்டை பட்டையாக வெட்டிக் கேட்ட பழைய முறையை விட்டு, ஏறத்தாழ முழு அலைவெளியையும் அவை ஒரே பெட்டியில் கொண்டுவந்தன. தொடர்ந்து ஐகொம் ஆர்10, யேசு விஆர்-500, ஏஓஆர் ஏஆர்8200, ஐகொம் ஆர்5, ஆர்20, ஆர்6, ஆர்30 ஆகியவை வந்தன.

வகைப்பாடு

ஸ்கேனர்களை நான்கு அடிப்படைகளில் வகுக்கலாம்.

முதலாவது, பட்டைத் தொடர்ச்சி. பொலிஸ், தீயணைப்பு முதலிய சேவைகளின் பட்டைகளை மட்டும் இடைவெளிகளோடு கேட்பவை ஒரு வகை. இடைவெளியின்றிக் கேட்பவை மறுவகை. அகலப்பட்டை என்ற சொல் இவற்றுக்கே உரியது. ஐகொம் ஆர்6, 0.1 முதல் 1309.995 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஆர்20, 3304.999 மெகாஹேர்ட்ஸ் வரை போகும். அமெரிக்காவில் விற்கப்படும் பதிப்புகளில் செல்பேசிப் பட்டை அடைக்கப்பட்டிருக்கும். 1994 முதல் அங்கே சட்டம் அப்படி.

இரண்டாவது, கேட்கும் முறை. ஏஎம், குறுகிய எஃப்எம், அகன்ற எஃப்எம் ஆகிய மூன்றும் எல்லா அகலப்பட்டைக் கருவிகளிலும் உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்று ஆர்வத்துக்காக ஒலிபரப்பும் அமெச்சூர்களின் சிற்றலைப் பேச்சுக்கு வேண்டிய ஒற்றைப் பக்கப்பட்டை முறை விஆர்-500, ஏஆர்8200, ஆர்20 போன்ற சிலவற்றில் மட்டுமே உள்ளது. ஆர்6இல் அது இல்லை. சிற்றலையில் அமெச்சூர்களைக் கேட்க விரும்புபவர் வாங்குமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது, எண்முறைத் திறன். 2018இல் வந்த ஆர்30 சில எண்முறைப் பேச்சு வடிவங்களைத் தானே பிரித்துக் கொடுக்கும். மறைகுறியாக்கப்பட்ட பேச்சை எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது.

நான்காவது, நிரலிடும் வழி. விசைகளால் மட்டும் நிரலிடுபவை, கணினியோடு இணைப்பவை, முற்றிலும் கணினியிலேயே இயங்குபவை என இது மூன்றாகப் பிரியும். 2012இல் மலிவான தொலைக்காட்சி யூஎஸ்பி கருவியிலிருந்த ஆர்டிஎல்2832யூ சில்லை வானொலி வாங்கியாக மாற்றலாம் என்று கண்டறியப்பட்டது. அன்று முதல் கடைசி வகை உலகெங்கும் பரவியது.

நிரலிடல்

ஒரு மீடிறனைப் பதியும்போது ஐந்து செய்திகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும்: மீடிறன், கேட்கும் முறை, அடியெடுப்பு அளவு, பெயர், தொகுதி. இவற்றுள் அடிக்கடி பிழைப்பது அடியெடுப்பு, அதாவது ஒரு மீடிறனிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடைவெளி. மத்திய அலையில் இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க வழக்கப்படி 10 என்று வைத்தால் பெரும்பாலான நிலையங்கள் விலகித் தெளிவிழந்து கேட்கும். எஃப்எம் ஒலிபரப்புக்கு 100 கிலோஹேர்ட்ஸும், அமெச்சூர் இரு மீற்றர் பட்டைக்கு 12.5 கிலோஹேர்ட்ஸும் பொருந்தும்.

அடியெடுப்பு தேடும் நேரத்தையும் தீர்மானிக்கிறது. கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொண்டால், 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையை 25 கிலோஹேர்ட்ஸ் அடிகளில் தேடினால் 760 நிறுத்தங்கள். செக்கனுக்கு 100 வேகத்தில் ஒரு சுற்றுக்கு எட்டுச் செக்கன் போதும். 8.33 கிலோஹேர்ட்ஸ் அடிகளில் அதே பட்டைக்கு 23 செக்கன் ஆகும்; இதற்குள் ஒரு சிறிய உரையாடல் பேசி முடிந்திருக்கும். அகலமாகத் தேடுவது கண்டுபிடிக்க. குறுகலாக வருடுவது கேட்க. இரண்டையும் வேறாக வைத்துக்கொள்வதே நல்ல நிரலிடல்.

ஆர்6இன் 1300 நினைவிடங்களில் 50 தேடலின் எல்லைகளைக் குறிக்கவும், 200 தேடும்போது கண்டவற்றைக் கருவியே எழுதிக்கொள்ளவும் ஒதுக்கப்பட்டவை. மிஞ்சும் 1050ஐயும் நிரப்பத் தேவையில்லை. கஹவத்தைப் பகுதிக்கு நான்கு தொகுதிகள் போதும். முதலாவதில் மத்திய அலை, உள்நாட்டு எஃப்எம் நிலையங்கள். இரண்டாவதில் 41 மீற்றர் முதலிய சிற்றலை ஒலிபரப்புகள். மூன்றாவதில் 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையான அமெச்சூர் பட்டையும், பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹேர்ட்ஸும். நான்காவதில் தொலைக்காட்சி ஒலி. இலங்கையின் பால் முறை ஒப்புமைத் தொலைக்காட்சியில் ஒலி, படத்தின் மீடிறனுக்கு 5.5 மெகாஹேர்ட்ஸ் மேலே அகன்ற எஃப்எம்மில் வரும். ஆகவே ஸ்கேனரில் செய்தி நிகழ்ச்சியைத் திரையின்றியே கேட்கலாம்.

பதியும் வேலையை விசைகளாலும் செய்யலாம், கணினியாலும் செய்யலாம். விசைகளால் செய்யும்போது மீடிறனையும் முறையையும் சரிசெய்து, நினைவகத்துக்கான விசையை நீள அழுத்தி, இடத்தைத் தேர்ந்து, மீண்டும் நீள அழுத்துவது ஐகொம் கருவிகளின் வழக்கம். நூற்றுக்கு மேல் பதிய வேண்டுமானால் உற்பத்தியாளரின் மென்பொருளும் இணைப்புக் கம்பியும் வேலையைச் சுருக்கும். எழுதுமுன் கருவியில் உள்ளதைக் கணினிக்கு எடுத்துச் சேமித்துவிட வேண்டும்.

பயன்பாடு

கருவியைத் திறந்ததும் செய்ய வேண்டியது, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் அளவைச் சரிசெய்வது. இரைச்சல் அடங்கும் இடத்துக்குச் சற்றே மேல் நிறுத்தினால் போதும். அதிகம் கூட்டினால் மெலிந்த குரல்கள் கேளாமலே போகும்; குறைத்தால் வருடல் ஒவ்வொரு இரைச்சலிலும் நின்றுவிடும். மின்விளக்கு, மின்னேற்றி போன்றவற்றின் இடையூறு இடைவிடாமல் ஒலிக்கும் மீடிறன்களைத் தாண்டல் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மீயுயர் மீடிறன் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கஹவத்தையின் பள்ளங்களில் அவை முகட்டுக்கு அப்பாலிருந்து வருவது அரிது. ஒரே தோட்டத்தின் மேல் டிவிஷனில் தெளிவாகக் கேட்பது கீழ் லயத்தில் கேட்காது. இதில் கருவியின் குறை எதுவும் இல்லை. மறுபக்கம், கொங்கல மலை போன்ற உயரங்களிலுள்ள ஒலிபரப்புக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றால் வலுவான எஃப்எம் அலை கருவியை நிறைத்து, இல்லாத இடங்களிலும் பாட்டுக் கேட்கச் செய்யும். அப்போது அலையை மெலிவிக்கும் அட்டனுவேட்டரைப் போட வேண்டும். கேட்டது சற்று மெலிந்து நின்றால் அது மெய்யானது. சட்டென்று முற்றிலும் மறைந்தால் அது பெரும்பாலும் பொய்த் தோற்றம்.

கருவியோடு வரும் குட்டை அன்டனா எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும், எதற்கும் முழுமையாகப் பொருந்தாது. கால் அலைநீளக் கம்பியின் நீளத்தை மீற்றரில் அறிய 75ஐ மெகாஹேர்ட்ஸால் வகுக்கலாம்: 100 மெகாஹேர்ட்ஸுக்கு 75 சென்ரிமீற்றர், 145க்கு 52 சென்ரிமீற்றர். வெளியே கட்டிய அன்டனாவை இடிமின்னல் காலத்தில் கழற்றிவிட வேண்டும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் இது கட்டாயம்.

விண்வெளி நிலையம் தொடுவானத்தில் எழும்போது அதன் அலை 145.800க்குச் சுமார் 3 கிலோஹேர்ட்ஸ் மேலேயும், இறங்கும்போது அதே அளவு கீழேயும் கேட்கும். ஒரு கடப்பு ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. மலை மறைக்கும் பள்ளத்தில் இன்னும் குறையும். ஆகவே திறந்த வெளியில், முகட்டின் மேல் நின்று கேட்பது நல்லது.

இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் ஆளாவது. 2003 மே, 2017 மே மாத அனர்த்தங்கள் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் ஓய்ந்த வேளையில், இரண்டு சிறு மின்கலங்களில் ஓடும் வானொலி வாங்கி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை ஒலிபரப்பு வழியே லயத்துக்குக் கொண்டுவர வல்லது. மழைக்காலத்துக்கு முன் எஃப்எம் தொகுதியைச் சரிபார்த்து, மாற்று மின்கலம் வைத்திருப்பது ஸ்கேனர் வைத்திருப்பவர் அயலவர்க்குச் செய்யும் உதவி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.

சிற்றலையின் ஆற்றலை 2004 ஆழிப்பேரலை காட்டியது. தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டைக்கு விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்கள் சிற்றலைக் கருவியைக் கொண்டுசென்று, கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினர். அந்தப் பணியை அனுமதிப்பத்திரம் பெற்ற அமெச்சூர்களே செய்ய முடியும். ஸ்கேனரில் காதைப் பழக்கியவர் அடுத்து எடுத்துவைக்க வேண்டிய அடி அந்த அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சை.

சட்டம்

இலங்கையில் வானொலி அலைகளை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் ஆள்கிறது. 1996ஆம் ஆண்டின் திருத்தத்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அமைந்தது. பொதுமக்களுக்கென அனுப்பப்படாத செய்தியை இடைமறித்துக் கேட்பதும் அதன் உள்ளடக்கத்தை வெளியிடுவதும் குற்றம். எனவே பொலிஸ், படை, விமானப் பட்டைகளை நினைவகத்தில் வைப்பதற்கில்லை. ஒலிபரப்பும் அமெச்சூர் பட்டையும் வேறு. அமெச்சூர்களின் பேச்சு எவரும் கேட்கத் திறந்தது. வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டுவருபவர் முன்கூட்டியே ஆணைக்குழுவிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை

ஏக்கலைச் சிற்றலை நிலையம் 2013இல் ஓய்ந்து, சேவை திருகோணமலைக்கு மாறியது. எண்முறையும் மறைகுறியாக்கமும் பரவுவதால் கேட்கக்கூடிய பேச்சு ஆண்டுதோறும் குறைகிறது. யூஎஸ்பி கருவியும் கணினியும் கையடக்க ஸ்கேனரின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுள்ளன.