கார் கடிகாரமும் தறிச் சத்தமும்

நாங்க கழுத்துல மாட்டியிருக்கிற ஸ்டெதாஸ்கோப்பை ஒரு காலத்துல காருக்கும் வச்சுப் பார்த்தாங்கன்னா நம்புவீங்களா?

1816ல் பாரிஸ் மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அதுதான்.

1958ல் ரோல்ஸ் ராய்ஸுக்கு டேவிட் ஓகில்வி எழுதிய புகழ்பெற்ற விளம்பரத்தில் அதே கருவி வருது. தயாரான கார் ஒரு வாரம் சோதனைக்கூடத்தில் இருக்குமாம். மொத்தம் 98 சோதனை. அதில் ஒன்று, பொறியாளர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து அச்சு முனகுதான்னு கேட்பது. 60 மைல் வேகத்தில் போனாலும் காருக்குள்ள கேட்கிற பெரிய சத்தம் கடிகாரத்தோடதுதான் என்பது விளம்பரத்தின் தலைப்பு.

ஏன் இவ்வளவு மெனக்கெடல்? பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைச்சிடும். ஆரம்பகாலக் கார்களில் எஞ்சின் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. எஞ்சின் அமைதியாக ஆக, ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளியே வந்தது: கியர், டயர், ஹீட்டர். முதலில் எஞ்சின் புகையின் சூட்டை வைத்தே காரைச் சூடாக்கினார்கள். பிறகு சுடுநீர் ஹீட்டர், அதற்கு ஒரு சின்ன மின்விசிறி. காசு கொடுத்தவர் காதுக்கு அந்த விசிறியின் இரைச்சலும் தொந்தரவு.

இப்போ இன்னொரு கடிகாரத்தைப் பாருங்க.

1886ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். இரும்புத் தகட்டில் நாள் முழுக்கச் சுத்தியல் அடிப்பவர்கள். ஒரு கடிகாரத்தின் டிக் டிக் எவ்வளவு தூரத்தில் கேட்குதுன்னு அளந்தார். அந்த 100 பேரில் ஒருத்தருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை.

அந்த விளம்பரத்துக்கு 72 வருஷம் முன்னாடியே இது தெரியும். காரில் போகிறவர் காதுக்குக் கிடைத்த கவனம், வேலை செய்கிறவர் காதுக்குக் கிடைக்க ரொம்ப நாளாச்சு.

இது நம்ம ஊர்க்கதையும்தான். தளவாய்புரத்துக்குப் பக்கத்துல, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி விசைத்தறிகளில்தான் நாங்க புண்ணுக்குக் கட்டுற பேண்டேஜ் துணி நெய்யப்படுது. தறிக்கூடத்தின் சத்தம் சாதாரணமா 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலை மாதிரி விதிகள் 8 மணி நேரத்துக்கு அனுமதித்த உச்சமே 90. 100 டெசிபல்னா 2 மணி நேரம்தான். காரணம், 10 டெசிபல் கூடினா ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும்.

இரைச்சலால் வரும் காது கேளாமை 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம்பெற்ற தொழில்நோய். ஆனா வீட்டோட சேர்ந்த நாலு தறிக்குச் சட்டம் எட்டுறதில்லை.

உள்காதில் இருக்கிற மெல்லிய முடி செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். அதனால பேரப்பிள்ளை பேச்சு காதுல விழும், ஆனா என்ன சொல்லுதுன்னு புரியாது.

தறியில் வேலை பார்க்கிறவங்க இதைக் கவனிங்க:

கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தா, அந்தச் சத்தம் ஆபத்தானது.

வேலை முடிஞ்சு வந்தபிறகும் காதுல 'ங்ங்' கேட்டா, அது எச்சரிக்கை.

பஞ்சு வச்சா போதாது. நுரையால் செய்த காதடைப்பானை உருட்டி, முழுசா உள்ளே வச்சுப் போடுங்க.

வருஷம் ஒருமுறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுங்க.

கார் அச்சுக்கே காது கொடுத்துக் கேட்டாங்க. உங்க காதுக்கு வருஷத்துல ஒரு நாள் கொடுங்க.