பெரட்டும் பாடவேளையும்: சப்ரகமுவத் தோட்டங்களிற் கற்கும் காலம்

மாணவர்க்குக் காலத்தின் அருமையை எடுத்துரைக்கும் நூல்கள் பல. காலம் மாணவனுடைய கைப்பொருள் என்றும், அதனைச் செட்டாகச் செலவிடுதலே அவன் கடன் என்றும் கொண்டு அவை தொடங்குகின்றன. ஆயினும், கைப்பொருளாகிய அக்காலமே வாய்க்கப்பெறாத பிள்ளைகளின் வரலாறும் நம் நாட்டில் உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் அதற்குச் சான்று பகர்வன.

1876 ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்ற இரப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை முதலிய பகுதிகளிற் பரவியது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களின் உயர்ந்த சரிவுகளில் தேயிலை நின்றது. இரப்பர்ப் பால் விடியற்காலையிலேயே மிகுதியாக ஒழுகும்; வெயில் ஏற ஏற மரம் இலை வழியாக நீரை இழப்பதால் பாலோட்டம் குன்றும். ஆதலால், பொழுது புலருமுன் தப்பொலி கேட்டு எழுந்து பெரட்டுக்குச் செல்லுதல் தொழிலாளர் வழக்கமாயிற்று. பெற்றோர் புறப்பட்டபின் இளையோரைக் காத்தல், நீர் கொணர்தல், விறகு பொறுக்குதல் ஆகியன மூத்த பிள்ளையின் தலையில் வீழ்ந்தன. மரத்தின் இயல்பே லயத்து வாழ்க்கையின் நேரசூசியாக அமைந்தது.

இந்நேரசூசியிற் பள்ளிக்கு இடந்தேடிய சட்டங்கள் மெல்லவே வந்தன. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும், 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கின. அவை குறித்த வயதெல்லை 6 முதல் 10 வரையாகும். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டமோ 10 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலைத் தடுத்தது. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும்: கல்வி முடிந்த வயதிலேயே வேலை தொடங்கிற்று. தோட்டத்துப் பிள்ளையின் கற்கும் காலத்திற்குச் சட்டம் விதித்த எல்லை அதுவே.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1833 ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் ஆலைச் சிறுவர்க்கு நாள்தோறும் இரண்டு மணிநேரப் படிப்பை விதித்தது. அரைநாள் வேலை, அரைநாள் படிப்பு என்னும் முறை அங்கு நெடுங்காலம் நிலவி, 1918 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது. கற்கும் நேரம் எங்கணும் வேலை நேரத்தினின்று போராடிப் பெறப்பட்டதேயாம்.

1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் நிருவாகத்தாரின் பொறுப்பிலேயே நின்றமையால், அதன் பயன் அப்பிள்ளைகளை முழுமையாக எய்தவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பெற்றோருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதலாகவே தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாக ஏற்றது. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 16 ஆக உயர்ந்தது 2016 இல்.

இத்தகைய பள்ளிகளுட் பல, ஓராசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்தியவை. ஆசிரியர் ஒரு வகுப்பினருடன் இருக்கையில் ஏனையோர் தாமே கற்றல் வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோர்க்குப் பாடஞ்சொன்ன முறை இந்நிலைக்கு ஏற்றது. சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய அந்திரு பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளிகளிற் கண்டவற்றினின்று ஊக்கம்பெற்று, மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பித்து, 1797 ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார்; இங்கிலாந்து அதனைச் 'சென்னை முறை' எனப் போற்றியது. பிறர்க்கு எடுத்துரைப்பவன் தான் கற்றதை உறுதிப்படுத்திக் கொள்கிறான் என்பது இதனாற் பெறப்படும்.

சிறிது நேரமே உடையார்க்கு இன்னுமோர் ஆறுதலுண்டு. எபிங்கவுசு என்னும் செர்மானிய அறிஞர் 1885 ஆம் ஆண்டில் நினைவாற்றலைத் தம்மையே சோதித்து ஆராய்ந்தார். ஒரே அமர்விற் பலமுறை ஓதுதலினும், நாட்களை இடைவிட்டு ஓதுதல் குறைந்த உழைப்பில் நிலைத்த பயன் தரும் என்று அவர் கண்டார். எனவே தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழித்திருக்க இயலாத மாணவன் மனந்தளர வேண்டுவதில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் படித்து, ஏட்டை மூடி, படித்ததைத் தானே நினைந்து எழுதி, மறுநாளும் வாரக்கடையிலும் மீட்பானாயின், நீண்ட நேரம் வாளா வாசிப்பவனுக்கு அவன் பின்னிடான்.

ஆயினும் அந்த அரைமணி நேரமேனும் அவனுக்கு இருத்தல் வேண்டும். ஆகவே ஆசிரியராயினோர், பாடத்திற் பிந்திய மாணவனைச் சோம்பலன் என்று கூறுமுன், வீட்டில் அவனுக்கு எஞ்சும் வேளை யாது, விளக்கு உண்டா, தம்பி தங்கையரைக் காப்பவர் யார் என வினவுதல் தகும். மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்தல் எந்தக் கல்லூரிக்கும் அரியதன்று. மாணவரும், தமக்கு வாய்த்த ஒரு மணிநேரம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட ஒரு மணிநேரம் என்பதை உணர்வாராக. அவ்வுணர்வு உடையார்க்கு நேரத்தைப் பேணுமாறு பிறர் அறிவுறுத்த வேண்டுவதில்லை.