கரையும் மாங்கனீசு: ஒரு மின்கலக் குறையின் வரலாறு

கண்டுபிடிப்புகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே எழுதுகின்றனர். லித்தியம் அயனி மின்கலத்துக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது நாம் படித்ததும் அத்தகைய வரலாறுதான். அதனடியில் இன்னொன்று ஓடுகிறது. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து உலோகம் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும் வரலாறு அது. ஒரு பொருளுக்கு வழி திறந்த பண்பே பின்னர் அதற்கு வினையாகவும் வந்த கதை என்பதால், இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இது அயலானதன்று.

1980இல் ஆக்ஸ்போர்டில் குடினஃபும் மிசுஷிமா முதலிய துணைவர்களும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைப் பொருளாக அறிவித்தனர். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த மின்கலத்தில் இருந்ததும் அதுவே. ஆனால் கோபால்ட் அரியது, விலை மிக்கது. மலிவான மாற்றாக முன்நின்றது மாங்கனீசு. பழைய டார்ச் பேட்டரியை உடைத்தால் கையில் ஒட்டும் கரும்பொடியில் இருப்பது மாங்கனீசு டை ஆக்சைடுதான்.

அத்தகைய பேட்டரிகளை எவரெடி என்ற பெயரில் நம் ஊர்களிலும் விற்றது யூனியன் கார்பைடு நிறுவனம். அதன் ஆய்வாளர் ஹன்ட்டர் 1981இல் ஒரு புதுமையை வெளியிட்டார். லித்தியமும் மாங்கனீசும் கலந்த ஸ்பைனல் என்னும் படிகத்தை அவர் அமிலத்தில் இட்டார். லித்தியம் வெளியேறியது, படிகச் சட்டகமோ குலையாமல் நின்றது. புதுவகை மாங்கனீசு டை ஆக்சைடு பிறந்தது.

அங்கே நிகழ்ந்தது என்ன? ஸ்பைனலில் உள்ள மாங்கனீசு அணுக்களில் பாதி மூன்று எலக்ட்ரான்களை இழந்தவை. மறுபாதி நான்கை இழந்தவை. அமிலம் தீண்டியதும், மூன்றை இழந்த இரண்டு அணுக்களுள் ஒன்று மற்றொன்றுக்கு ஓர் எலக்ட்ரானைத் தருகிறது. தந்தது படிகத்திலேயே தங்குகிறது. பெற்றது கரைந்து போகிறது. ஹன்ட்டருக்கு அக்கரைதல் ஒரு கருவி.

1983இல் மைக்கேல் தாக்கரே, குடினஃப் குழுவினர் இதே ஸ்பைனலுக்குள் லித்தியம் புகுந்து செல்வதைக் காட்டினர். மலிவான மின்கலம் கைக்கெட்டியதுபோல் தோன்றிற்று. ஆனால் சூடு ஏறினால், 55 பாகை செல்சியஸ் அளவிலேயே, அதன் கொள்ளளவு விரைந்து தேய்ந்தது. மின்பகுளியில் உள்ள லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் என்னும் உப்பு, அங்கே எஞ்சியிருக்கும் நீரின் சுவடுகளோடு வினைபுரிந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தருகிறது. ஹன்ட்டர் வெளியிலிருந்து ஊற்றிய அமிலம் இங்கே உள்ளேயே ஊறியது. அது ஆக்சைடை அரிக்கும்போது நீர் பிறக்கிறது. அந்நீர் மேலும் அமிலத்தைப் பிறப்பிக்கிறது.

1996இல் தென்கொரியாவின் ஜாங், ஷின், ஓ ஆகியோர் ஸ்பைனலின் கரைதலையும் கொள்ளளவு இழப்பையும் இணைத்து ஆராய்ந்தனர். கோபால்ட்டும் கரைவதை அதே ஆண்டில் அமட்டூச்சி, தராஸ்கோன், கிளைன் பதிவுசெய்தனர். கரைந்த மாங்கனீசு எதிர்முனையின் கிராஃபைட்டில் படிந்து அதன் காப்புப் படலத்தைக் கெடுக்கிறது. அதைச் சரிக்கட்ட லித்தியம் வீணாகிறது. எனவே கரைந்த உலோகம் சிறிதாயினும் இழப்பு பெரிது.

இவ்வரலாற்றில் ஒரு தமிழர் பெயரும் உண்டு. தென்தமிழ்நாட்டின் அமராபுரத்தில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற அருமுகம் மந்திரம், குடினஃபின் நெடுநாள் துணைவர். ஸ்டாக்ஹோமில் குடினஃபின் சார்பில் நோபல் உரையை வழங்கியவரும் அவரே. 2006இல் அவரும் சோயும் பல நேர்முனைப் பொருள்களின் கரைதலை ஒப்பிட்டனர். ஸ்பைனலின் கரைதலே மிகுதி என்றும், மூன்றை இழந்த மாங்கனீசின் பிளவே அதற்குக் காரணம் என்றும் காட்டினர்.

2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மின்னூர்தியின் மின்கலம் மாங்கனீசு ஸ்பைனலை முதன்மையாகக் கொண்டது. 2012இல் அமெரிக்காவின் வெப்பம் மிக்க அரிசோனாவில், ஓடும் தொலைவு குறைந்துவிட்டதென உரிமையாளர்கள் முறையிட்டனர். அதன்பின் நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் அளித்தது. கரைதல் ஒன்றே அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை; மின்கலம் மூப்படையப் பல வழிகள் உண்டு.

மாங்கனீசின் ஒரு பகுதிக்கு மாற்றாக அலுமினியத்தை இடுவதும், துகள்களின்மேல் ஆக்சைடு பூசுவதும், நிக்கல் ஆக்சைடோடு கலப்பதும் கரைதலைத் தணிக்கின்றன, முற்றாக நிறுத்துவதில்லை. உலகக் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அங்குள்ள சுரங்கங்களில் சிறுவர்களும் உழைத்துள்ளனர். அந்த உலோகத்தைத் தவிர்க்க மாங்கனீசு மிகுந்த நேர்முனைகளை ஆய்வாளர்கள் மீண்டும் நாடுகையில், 1981இல் ஹன்ட்டரின் குடுவையில் நிகழ்ந்த அந்த எலக்ட்ரான் பரிமாற்றமே இன்றும் அவர்கள் முன் நிற்கிறது.