வண்டி மையிலிருந்து கியர் ஆயில் வரைக்கும்

கட்டை வண்டிக்கு மை போடுறதை இப்போ இருக்குற பிள்ளைங்க பார்த்திருக்க மாட்டாங்க. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில குழைச்சா அதுதான் வண்டி மை. கடையாணியை உருவி, சக்கரத்தைக் கழற்றி, இரும்பு அச்சுல அதைப் பூசுவாங்க. மை காய்ஞ்சா வண்டி கிறீச்சிடும், மாடு திணறும், அச்சு தேயும்.

இத்தனை எண்ணெய் இருக்க விளக்கெண்ணெய் எதுக்கு? அது கெட்டியானது. அதோட இரும்பைக் கவ்விப் பிடிச்சுக்கும், சீக்கிரம் வழிஞ்சு போகாது. முதல் உலகப் போர்ல (1914–18) சிலிண்டரோட சேர்ந்தே சுத்துற எஞ்சின் வச்ச விமானங்களுக்கும் இதைத்தான் ஊத்தினாங்க. பெட்ரோல்ல லேசுல கரையாது. காஸ்ட்ரால்ங்கிற பேரே ஆமணக்கோட ஆங்கிலப் பேரான 'காஸ்டர்'லிருந்து வந்ததுதான்.

அப்புறம் பூமியிலிருந்து எடுத்த கனிம ஆயில்கள் மலிவா வந்துச்சு. கியருக்கு அது மட்டும் போதலை. 1926-ல அமெரிக்காவுல பேக்கார்டு கார்ல 'ஹைப்பாய்டு' கியர் வந்தப்போ இது நல்லா தெரிஞ்சுது. அதுல பல்லு மேல பல்லு உருளுறதோட நிறைய வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்துல ஆயில் படலம் கிழிஞ்சு, இரும்பும் இரும்பும் சூட்டுல ஒட்டிப் பிய்யும்.

அதுக்கு மருந்தாத்தான் ஆயில்ல கந்தகம் கலந்த சேர்மானம் வந்துச்சு. உரசுற இடத்துல சூடு ஏறினா கந்தகம் இரும்போட சேர்ந்து மெல்லிசா ஒரு தோல் கட்டும். தேயுறது அந்தத் தோல், பல்லு தப்பிக்கும். தேய்ஞ்ச இடத்துல மறுபடி தோல் கட்டிக்கும். திமிங்கல எண்ணெயைக்கூட கந்தகத்தோட சேர்த்து இதுக்குப் பயன்படுத்தினாங்க. 1970-ல அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் இனத்துல சேர்த்த பிறகு மாற்று தேட வேண்டியதாச்சு.

ஆனா ஒண்ணு. இரும்பைக் காக்குற கந்தகமே சூட்டுல பித்தளை, வெண்கலத்தை அரிச்சுடலாம். அதனாலதான் ஜிஎல்-4, ஜிஎல்-5னு தரம் பிரிச்சு டப்பாவுல போடுறாங்க. 5-ல சேர்மானம் அதிகம். அதுக்காக எல்லா கியர்பாக்ஸுக்கும் அது ஒசத்தின்னு அர்த்தமில்லை. ஆயிலுக்குள்ளேயே பிரேக் தட்டு ஓடுற டிராக்டருக்கு வேற ஆயிலே உண்டு. மாத்தி ஊத்தினா பிரேக் அலறும், சரியாப் பிடிக்காது.

எங்க பக்கம் இன்னமும் "எல்லாம் எண்ணெய்தானே"ன்னு கையில கிடைச்சதை ஊத்துறவங்க உண்டு. சேத்துழவு முடிஞ்சதும் ஆயிலைப் பாருங்க; மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி இறங்கிருக்கு, உடனே மாத்தணும். எதை ஊத்தணும்னு வண்டியோட வந்த கையேட்டுலயே போட்டிருக்கு. ஆயில் மாத்துற செலவு ஒரு நாள் வலி. கியர் போனா அந்தப் போக உழவே போச்சு.