சேரியின் வரலாற்றை எழுதப் பணம் யாருக்குக் கிடைக்கிறது?

1951இல் கேத்லீன் கஃப் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் தஞ்சைக்கு வந்தார். பிரிட்டிஷ் அரசின் கருவூல உதவித்தொகையில் நடந்த ஆய்வு அது. இரண்டு ஊர்களைப் பற்றி எழுதினார். கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்பவை அவர் வைத்த புனைபெயர்கள். பண்ணையாள் முறை, நெற்கூலி, அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் இருந்த தூரம் எல்லாவற்றையும் பதிவு செய்தார். 1976இல் மீண்டும் வந்தார். 1981இல் நூல் வெளியானது.

1961-62இல் ஆந்த்ரே பெத்தேய் 'ஸ்ரீபுரம்' என்று பெயரிட்ட தஞ்சை ஊரை ஆய்வு செய்தார். தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரியில் பழகுவது எளிதாக இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

தோழர்களே, இந்த நூல்களைப் படியுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஏன் எரிக்கப்பட்டார்கள் என்பதன் நிலவுடைமைப் பின்னணியை அவற்றில் காணலாம். ஆனால் எழுதியவர்கள் யாரும் சேரியில் பிறந்தவர்கள் அல்லர்.

சேரிப் பிள்ளை எழுத வழி இருக்கிறதா? பட்டியல் சாதியினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் ஒன்றிய அரசு தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. 2022இல் அதன் விதி மாறியது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனிப் பணம் இல்லை என்றார்கள். வெளிநாடு போகலாம், சாதியை மட்டும் ஆராயக்கூடாது!

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்றார் அம்பேத்கர். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். இந்த விதி அன்று இருந்திருந்தால் அவருக்கும் கதவு மூடியிருக்கும். அதைத் திறக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.