கொறக்காவும் பசியடக்கும் மருந்துகளும்

கொறக்கா என்பது இலங்கையின் ஈரவலயத்திலே, விசேஷமாகக் கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சாரல்களின் வீட்டுத் தோட்டங்களில், பலாவும் மிளகும் சாதிக்காயும் கராம்பும் ஒன்றன் நிழலில் ஒன்றாய் வளரும் கலப்புப் பயிர்களின் நடுவே காணப்படும் ஒரு புளிமரமும், அதன் கனியின் உலர்ந்த தோலும் ஆகும். தாவர நூலார் கார்சினியா என்று வகுத்த பேரினத்தைச் சேர்ந்த இம்மரத்தில் இலங்கைக்கே உரிய இனமும் உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குடம்புளி என வழங்குவது இதன் நெருங்கிய உறவு. சமையலறைச் சரக்காக மட்டும் அறியப்பட்டிருந்த இப்பொருள், சென்ற நூற்றாண்டின் இறுதியிலே பசியை அடக்கித் தேகத்தின் பருமனைக் குறைக்கும் மருந்தென்னும் பிரசித்தியோடு குளிகையாகி உலகச் சந்தையில் உலவத் தொடங்கியது.

பூசணிக்காய் போல வரிவரியாகப் பிளவுபட்ட கனியைப் பறித்து, வரி வழியே துண்டமாக்கி, விதையை நீக்கித் தோலை வெயிலில் உலர்த்திப் பின்னர் அடுப்பின் புகையில் இட்டு வைப்பார்கள். மஞ்சளும் சிவப்புமாக இருந்த தோல் கரியைப் போலக் கறுத்துச் சுருங்கிவிடும். சமைக்கும்போது சில துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து, உப்பும் மிளகும் சேர்த்து அம்மியில் மைபோல அரைத்து, சூரை போன்ற மீனின் கண்டங்களில் நன்றாகப் பூசி, மண்சட்டியில் நீர் வற்றும்வரை வேகவிடுவதே சிங்களவர் அம்புல் தியல் எனப் போற்றும் பண்டம். அதன் புளிப்பினால் மீன் சில நாள் கெடாதிருக்குமாதலால், கடலுக்கு வெகுதூரத்திலுள்ள கண்டி போன்ற மலைநாட்டு ஊருக்கு அது எத்துணை உபகாரமாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்புளிப்பின் மூலம் யாது என்பது 1965ஆம் ஆண்டிலேதான் சரிவரத் தெளிந்தது. குடம்புளியின் பிரதான அமிலம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலமே என லூயிஸ், நீலகண்டன் என்னும் இரு இந்திய ஆய்வாளர்கள் அவ்வாண்டு நிறுவினார்கள். உண்ட மாச்சத்தில் எஞ்சியது கொழுப்பாக மாறும் மார்க்கத்தில் இன்றியமையாத ஒரு நொதியை அது தடுக்கிறது என்பது 1969இல் அமெரிக்காவிலே கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஹாஃப்மன் லா ரோஷ் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இவ்வமிலம் ஊட்டப்பெற்ற எலிகள் குறைவாக உண்டு, குறைவாகவே கொழுத்தன. எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்ற அனுமானத்தின் மேலேயே பிற்காலத்து வியாபாரம் முழுவதும் எழுந்தது. அந்த அஸ்திவாரம் திடமானதன்று, ஏனெனில் சாதாரண உணவு உண்ணும் மனிதரில் மாச்சத்திலிருந்து புதிதாக உண்டாகும் கொழுப்பு சொற்பமே.

பரீட்சையும் அதையே காட்டிற்று. 135 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் அமிலத்தையும் மற்றையோருக்கு வெற்றுக் குளிகையையும் 12 வாரம் கொடுத்து நடத்திய அமெரிக்க ஆய்வொன்று 1998இல் வெளியாயிற்று. அமிலம் உண்டவர் சராசரி 3.2 கிலோவும், வெற்றுக் குளிகை உண்டவர் 4.1 கிலோவும் இழந்திருந்தனர்! அவர்களுக்கு அளிக்கப்பட்ட நார்ச்சத்து மிக்க உணவே அமிலம் உடலிற் சேராதபடி தடுத்தது என ஆட்சேபித்தவரும் உளர். ஆயினும் பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து 2011இல் கணித்தபோதும் வித்தியாசம் ஒரு கிலோவுக்குக் குறைவாகவே நின்றது. பயன் இல்லாவிடினும் கேடு இல்லையே என்று அமைதி கொள்ளவும் இடமில்லை: கொறக்கா இனத்துச் சாறு சேர்ந்த ஹைட்ராக்சிகட் என்னும் சரக்கை உண்டவர்களில் ஈரல் பாதிப்புற்றோர் பற்றிய 23 முறைப்பாடுகளின் பேரில் 2009இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது, உற்பத்தியாளரும் அதைத் திரும்பப் பெற்றனர். அக்கலவையில் வேறு பொருள்களும் இருந்தமையால் பழி முழுவதையும் கொறக்காவின் மேற் சுமத்துவது நியாயமாகாது. மீன்கறியில் இடும் புளிக்கும் செறிவூட்டிய சாற்றைத் தினந்தோறும் விழுங்குவதற்கும் உள்ள பேதமும் மறக்கற்பாலதன்று.

வைத்தியரின் மருந்துச் சீட்டின் பேரிலே வழங்கப்படும் பசியடக்கிகளின் சரித்திரமும் களங்கமற்றதன்று. 1960களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் விற்ற அமினோரெக்ஸ் நுரையீரல் நாளங்களில் அழுத்தத்தை உயர்த்தி உயிர்களைக் கொண்டது. ஃபென்ஃபுளூரமின் இருதய வால்வுகளைச் சிதைத்தமையால் 1997இல் நீக்கப்பட்டது. ரிமோனபான்ட் மனச்சோர்வை விளைத்து 2008இலும், சிபுட்ரமின் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இலும் அகன்றன. இவற்றுள் சிபுட்ரமின், தடையுண்ட பின்னரும், முற்றிலும் மூலிகையே என்ற பெயரோடு விற்கும் மெலிவுக் குளிகைகளிலே களவாகக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்று முன்னிலையில் நிற்பவற்றுள் ஒன்று, குடலில் இயல்பாகச் சுரந்து மூளைக்கு நிறைவுணர்ச்சியைத் தெரிவிக்கும் சுரப்பைப் போன்று செயற்படும் செமாகுளூடைடு. வாரம் ஒருமுறை ஊசியாக ஏற்றிக்கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரி நூற்றுக்கு 14.9 பங்கு எடை குறைந்தனர். வெற்றூசி பெற்றவர்க்கு 2.4 பங்கே. ஓங்காளமும் வாந்தியும் வயிற்றோட்டமும் இதன் சாதாரண உபாதைகள். மருந்தை நிறுத்தியவர்களுக்கோ, ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. ஆகவே இது ஒரு பருவத்துக்கு உண்டு விடும் பத்தியமன்று, நெடுநாள் சிகிச்சை. ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே அபாயம் கூடத் தொடங்கி 27.5க்கு மேல் மிகும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு குறித்திருப்பதால், யாருக்கு மருந்து, யாருக்கு நடையும் உணவு மாற்றமும் போதும் என்பது வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

மருந்தை அவசியத்தின் பேரிலன்றி விளம்பரத்தின் பேரில் கொள்ளலாகாது என்ற கொள்கைக்கு இலங்கையில் வித்திட்டவர் கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரும், பேராதனை மருத்துவ பீடத்திற் பணியாற்றிய மருந்தியல் பேராசிரியருமான சேனக பிபிலே (1920–1977). 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகி, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப் பெயரால் வாங்கி வழங்கும் முறையை அவர் நிலைநாட்டினார். அவர் கருத்தைத் தழுவி நெடுங்காலம் கோரப்பட்ட சட்டம் 2015இன் 5ஆம் இலக்கமாக நிறைவேறி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உருவாயிற்று.

கொறக்காக் குளிகையை உண்பவர்கள், அது இயற்கைப் பொருள்தானே என்று கருதி, கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ கிளினிக்கில் அதைச் சொல்லாது விடலாகாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரும் ஈரல் நோயுள்ளவரும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். கண் மஞ்சளித்துச் சிறுநீர் கறுத்தால் அது செங்கமாரியின் அறிகுறி. குளிகையை உடனே நிறுத்தி, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்க.