பின்லாந்தின் போர்க்கால மர வீடுகள்

இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் வீடிழந்த மக்களுக்காகப் பின்லாந்தில் பெருந்தொகையாகக் கட்டப்பட்ட ஒரே மாதிரியான மர வீடுகள், முன்செய்த பகுதிகளை இணைத்துக் கட்டும் முறையின் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

1939 நவம்பரில் தொடங்கிய குளிர்காலப் போர் 1940 மார்ச்சில் முடிந்தபோது, கரேலியாவின் பெரும்பகுதியைப் பின்லாந்து சோவியத் ஒன்றியத்திடம் இழந்தது. அங்கு வாழ்ந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே குடிபெயர்ந்தனர். இது நாட்டு மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். அண்டை நாடான சுவீடன் சுமார் 2,000 மர வீடுகளை நன்கொடையாக அனுப்பியது. போரால் ஏற்றுமதி முடங்கியிருந்த 21 மர நிறுவனங்கள், அதே 1940இல் ஒன்றிணைந்து 'பூத்தலோ' என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. இச்சொல்லுக்கு 'மர வீடு' என்றே பொருள். சுவர்ப் பலகங்கள் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. அடித்தளமும் அடுப்பும் மட்டும் மனையில் கட்டப்பட்டன.

1941இல் தொடங்கிய அடுத்த போரில் கரேலியா மீட்கப்பட்டது. பலர் ஊர் திரும்பினர். 1944இல் அவர்களே இரண்டாம் முறையாக வெளியேற நேர்ந்தது. வடக்கில் பின்வாங்கிய செருமானியப் படை லாப்லாந்தின் ஊர்களை எரித்தது. 1945ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அகதிகளுக்கும் போர்வீரர்களுக்கும் போரில் கணவரை இழந்தோருக்கும் நிலம் வழங்கியது, ஆனால் வீடு?

தொழிற்சாலை வீடுகள் அவர்களை எளிதில் எட்டவில்லை. சோவியத் ஒன்றியத்துக்குத் தரவேண்டிய 30 கோடி டாலர் பெறுமான இழப்பீட்டுப் பொருள்களில் மர வீடுகளும் அடங்கின. அந்நியச் செலாவணிக்காகவும் அவை பல நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. சொந்த மக்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வீடு அன்று, வரைபடம். கட்டடக் கலைஞர் சங்கம் 1942இல் அமைத்த மறுகட்டமைப்பு அலுவலகமும் பிற அமைப்புகளும் மாதிரி வரைபடங்களையும் அளவுத் தரங்களையும் வெளியிட்டன. குடும்பத்தினரும் அயலாரும் சேர்ந்து தாமே வீடு கட்டினர்.

இவ்வீடு 'ரிந்தமாமியெஸ்தலோ', அதாவது போர்முனை வீரர் வீடு, எனப்பட்டது. நடுவில் ஒரே புகைபோக்கி. அதைச் சுற்றிச் சமையலறையும் அறைகளும். ஒரே தண்டில் எல்லா அடுப்புகளும் சேர்வதால் செங்கல் மிச்சமானது, வெப்பமும் வீணாகவில்லை. மரச்சட்டங்களுக்கு இடையே, அறுவை ஆலையில் மிஞ்சும் மரத்தூளும் சீவலும் குளிர்த் தடுப்பாக நிரப்பப்பட்டன. செங்குத்தான கூரையின் கீழுள்ள மேல்தளம் பலரால் உடனே முடிக்கப்படவில்லை. பணம் சேர்ந்தபின் அது குழந்தைகளின் அறையாயிற்று, அல்லது வாடகைக்கு விடப்பட்டது.

தரப்படுத்தல் உறுப்புகளில் இருக்கவேண்டும், முழு வீட்டிலும் அன்று என்பது அல்வார் ஆல்ட்டோவின் கருத்து. ஆல்ஸ்ட்ரோம் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய வீடுகள் இவ்வழியில் அமைந்தவை. ஆனால் இக்கருத்தை அதிகம் நடைமுறைப்படுத்தியவர்கள் ஒரே வரைபடத்தைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்ட சாதாரணக் குடும்பத்தினரே எனலாம்.

பின்னாளில் கான்கிரீட் பலகங்களாலான அடுக்குமாடிகள் பெருகின. எனினும் பழைய மர வீடுகளில் பல இன்றும் குடியிருப்புகளாக உள்ளன. அவற்றில் காணப்படும் ஈரச் சேதம் பலவற்றுக்குக் காரணம் மூலக் கட்டுமானம் அன்று. காற்றோட்டமுள்ள சுவரைப் பிளாஸ்டிக் தாளால் மூடிய பிற்காலப் புதுப்பிப்பே. யுவாஸ்கிலா நகரில் 2010களில் எழுந்த 'பூகுவோக்கா' எட்டுமாடிக் குடியிருப்பில், குறுக்கடுக்கு மரப் பலகங்களால் ஆன அறைத் தொகுதிகள் தொழிற்சாலையிலிருந்தே முழுமையாக வந்து அடுக்கப்பட்டன.